பூதம் கொண்டுவந்த கடிதம்

காரைக்காலை ஒட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது கிளிஞ்சல்மேடு. பெயரிலே கிளிஞ்சலும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. ஆனால் மேடு என்று சொல்லும்படியான உயரம் அங்கே எதுவும் இல்லை என்பதை 2004-ஆம் ஆண்டில் கடல் வந்து காட்டிவிட்டுப் போயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம், அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையன். மீன்பிடிக்கிற குடும்பம், திருவேட்டக்குடியில் இருக்கிற தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறவன். செல்போனை என் பக்கம் நீட்டி, "இதைப் பாருங்க சார். யாரோ டீமன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். பூதம்னுல்ல அர்த்தம்?" என்றான்.

வடக்கே உள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு, அங்கே ஒரு பேராசிரியரிடம் இரண்டு மாதம் வேலை பழக அனுமதி கேட்டு அவன் மெயில் எழுதியிருந்தான். அது போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. அதோடு ஒரு பக்கத்துக்குப் புரியாத எழுத்துக்கள். அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்'. விண்ணப்பத்துக்குக் கெடு முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

பூதம் என்று அவன் சொன்னதில் தவறில்லை. மாக்ஸ்வெல் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு வாசலில் நின்று மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பும் குட்டிப் பூதம் ஒன்றைக் கற்பனை செய்தார். 1963 வாக்கில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓயாது வேலை செய்யும் நிரல்களுக்கு அந்தப் பூதத்தின் பெயரை வைத்தார்கள். தபாலைப் பிரிக்கிற பூதம் 'மெயிலர் டீமன்'. விலாசம் தப்பானால் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவதும் அதன் வேலை.

பூதத்தோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. ஆனால் பூதத்துக்கு மேலே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பையனுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. கதை எழுதுகிறவன் கண்டதையும் படிக்கிறவன். 1982-ஆம் ஆண்டில் மின்னஞ்சலுக்கு விதிகள் எழுதியபோது, ஒரு விதியை மிகவும் கண்டிப்பாக எழுதி வைத்தார்கள். தபால் பெறுகிற ஸ்தாபனம் எதுவானாலும் அங்கே 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரில் ஒரு விலாசம் இருந்தே ஆகவேண்டும். பெரிய எழுத்தில் எழுதினாலும் சரி, சின்ன எழுத்தில் எழுதினாலும் சரி, அந்தப் பெயருக்கு வருகிற கடிதம் பொறுப்புள்ள ஒரு மனிதர் கையில் போய்ச் சேரவேண்டும். அந்த விதி இன்றும் இருக்கிறது. உலகத்தை மாற்றப்போகும் யந்திரத்தைக் கட்டியவர்கள், கடைசியில் நம் ஊர்த் தபாலாபீஸ் மாடத்துக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவரைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள்!

"போஸ்ட்மாஸ்டருக்கு எழுது தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் எழுதினான்.

காரைக்கால்காரர்களுக்குத் தபால் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். 1739 முதல் 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்த ஊர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிரெஞ்சுத் தபாலாபீஸ், பிரெஞ்சு முத்திரைத் தலை. பக்கத்தில் நாகூர், நடந்தே போய்விடலாம். ஆனால் கடிதமோ ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குப் போகவேண்டும். தூரத்தை மைலால் அளப்பது பிரயாணிகளின் வழக்கம். தபால்காரனுக்கு அது கணக்கில்லை; எத்தனை கை மாறவேண்டும் என்பதுதான் அவனுக்குத் தூரம்.

இந்தியாவில் விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் வந்த கதையும் இப்படிக் கை மாறுகிற கதைதான்.

1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்று ஒன்றைத் தொடங்கியது. கல்வி, ஆராய்ச்சி வலை என்று பொருள். கிளிஞ்சல்மேட்டில் உட்கார்ந்துகொண்டு வலை என்று எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆனால் அதுவும் முடிச்சு முடிச்சாகப் போட்ட சமாசாரந்தான். எட்டு முடிச்சுகள். சென்னை, பம்பாய், டில்லி, கான்பூர், கரக்பூர் ஆகிய ஊர்களின் ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், டில்லியில் மின்னணுத் துறையின் காரியாலயம், பம்பாயில் ஜுஹூவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம்.

இந்தக் கடைசி முடிச்சுதான் கதைக்கு நடுநாயகம். ஹோமி பாபா 1945-இல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் மடியில் வளர்ந்து, 1985-இல் தனிக்குடித்தனம் போன ஸ்தாபனம் அது. ஸ்ரீநிவாசன் ரமணி அதன் டைரக்டர். 2014-ஆம் ஆண்டில் இணையப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தார்கள். பொறித்ததற்குக் காரணம், ஒரு காலத்தில் இந்த நாட்டு விஞ்ஞானிகள் வெளிநாட்டுக்கு எழுதிய கடிதங்களுக்கு அவருடைய கட்டிடந்தான் வாசலாக இருந்தது என்பது.

ஆரம்பத்தில் தனிக் கம்பி கிடையாது. சாதாரண டெலிபோன்தான். ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்துக்கு டெலிபோன் செய்யும். மணி அடிக்கும், அந்தப் பக்கத்து யந்திரம் எடுக்கும். இரண்டும் கீச்சுக் குரலில் பேசிக்கொள்ளும். சேர்த்து வைத்திருந்த கடிதக் கட்டை இது கொடுக்கும், அது வாங்கிக்கொள்ளும். பிறகு அது அடுத்த யந்திரத்தை அழைக்கும். அன்றைய நம் டெலிபோன்களின் லட்சணம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாதிக் கட்டில் லைன் அறுந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. விலாசத்தையும் சும்மா எழுதிவிட முடியாது. எந்த யந்திரம், அதற்கடுத்து எந்த யந்திரம் என்று வழி முழுவதையும் ஆச்சரியக்குறி போட்டுப் போட்டு எழுதவேண்டும். 'அக்கரைப் பிள்ளையார் கோவிலைத் தாண்டி, ஆலமரத்தடியில் திரும்பி' என்று எழுதுகிற மாதிரி.

பம்பாயில் ஒரு யந்திரத்துக்குச் 'சக்தி' என்று பெயர். இன்னொன்றுக்குச் 'சங்கம்'. டில்லியில் இருந்தது 'விக்ரம்'. சங்கம் என்று வைத்தவர்கள் நதிகள் கூடுகிற இடத்தை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். நான் மதுரையை நினைத்துக்கொள்வதை யார் தடுக்க முடியும்? விக்ரம் என்ற பெயர் மிகப் பொருத்தம். விக்கிரமாதித்தனும் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், அது திரும்ப முருங்கை மரம் ஏறுவதுமாகத்தானே காலம் கழித்தான்?

1991 ஜனவரியில் டில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே முதல் தனிக் கம்பி போட்டார்கள். அதன் வேகம் வினாடிக்கு 9,600 துணுக்கு. கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 1,200 ஆங்கில எழுத்து. இன்று டீக்கடையில் உட்கார்ந்து பையன் ஒரு வஞ்சிர மீனைப் படம் பிடித்து அனுப்புகிறானே, அந்த ஒரு படம் அந்தக் கம்பியில் போயிருந்தால் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை இரண்டு நகரத்து விஞ்ஞானிகளும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். 1992-க்குள் எட்டு முடிச்சுகளுக்கும் இதே வேகத்தில் கம்பி வந்தது. அதே ஆண்டு பம்பாயிலிருந்து அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்கு 64,000 துணுக்கு வேகத்தில் ஒரு வாசல் திறந்தது. இந்தியாவுக்கென்று 1989-இல் கிடைத்த 'இன்' என்ற விலாச முடிவின் பதிவேடும் ஜுஹூக்காரர்கள் கையில்தான் இருந்தது.

வாசலில் உட்கார்ந்திருப்பவனுடைய வேலை என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். வெளியே தெரியாத வேலை அது. கடிதம் போனால் யாரும் நன்றி சொல்வதில்லை. போகாவிட்டால் எல்லாரும் வந்து நிற்பார்கள். ஒரு பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு யந்திரம் வைத்துக்கொள்ளும். பௌதிகக்காரருக்கு ஒன்று, கணிதக்காரருக்கு ஒன்று. விலாசத்திலும் அந்த யந்திரத்தின் பெயர்தான் இருக்கும். யந்திரம் பழசாகிக் காயலான் கடைக்குப் போகும்போது அந்த விலாசமும் கூடவே போய்விடும். அப்புறம் உலகத்தின் மூலைகளிலிருந்து வருகிற கடிதங்கள் எல்லாம் பூதத்தின் கையில் சிக்கித் திரும்பும். ஆகவே எல்லாரும் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஓர் அடுப்பு, ஒரு சமையல், ஒரு கணக்கு. ஸ்தாபனத்தின் பெயர் மட்டும் விலாசத்தில் நிற்கும். உள்ளே யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது வாசலில் இருப்பவரின் பட்டியலில் இருக்கும்.

கூட்டுக் குடும்பத்துக்கு உள்ள எல்லாச் சச்சரவும் அதிலும் உண்டு. பெரிய பேராசிரியர் ஒருவர் பத்து வருஷத்துக் கடிதங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இடத்தை அடைப்பார். அவரிடம் யார் போய்ச் சொல்வது? ஓய்வு பெற்றவரின் பெட்டியை மூடுவதா, வைப்பதா? செத்துப்போனவருக்கு வருகிற கடிதத்தை யார் படிப்பது? பட்டியலில் ஒரு பெயர் தவறினால் அந்த மனிதர் உலகத்துக்கு இல்லாதவர் ஆகிவிடுகிறார். இதையெல்லாம் தீர்த்து வைக்கிறவர் பெரும்பாலும் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையனோ பெண்ணோதான்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் என்ன? ஒன்றே ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் புதிய ஆராய்ச்சி எழுதினால், அதன் நகல் முதலில் பக்கத்துப் பெரிய பல்கலைக் கழகங்களுக்குப் போகும். நமக்குக் கப்பல் தபாலில் மாதக் கணக்கில் தள்ளாடி வரும். வந்து சேரும்போது அங்கே அந்தப் பேச்சே முடிந்திருக்கும். இரண்டு மாத பத்திரிகையை முடிவெட்டும் கடையில் படிக்கிறவன் நிலைமை! 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற பௌதிக விஞ்ஞானி லாஸ் அலமாஸில் ஒரு யந்திரத்தை வைத்தார். கட்டுரையை அதற்கு மெயிலில் அனுப்பலாம். வேண்டியதை மெயிலிலேயே கேட்டு வாங்கலாம். ஹார்வர்டில் இருப்பவருக்கும் சென்னை தரமணியில் கணித விஞ்ஞானக் கழகத்தில் இருப்பவருக்கும் அதே நாளில் அதே கட்டுரை. தரமணிக் கழகம் பிற்பாடு அந்தக் களஞ்சியத்தின் பிரதி ஒன்றையே இந்தியாவுக்காக வைத்துக் காத்தது.

1994 பிப்ரவரியில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அசோக் சென் என்பவர் அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அதன் தலைப்பே இரண்டு வரி. கணிதத்தைக் கல்லூரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவனான என்னால் அதை விளக்க முடியாது. ஆனால் அது இழைக் கொள்கைக்காரர்கள் கவனம் முழுவதையும் ஒரு புதிய திசையில் திருப்பிவிட்டது என்பதில் அந்தத் துறையாருக்கு அபிப்பிராய பேதம் இல்லை. 2012-இல் அடிப்படைப் பௌதிகப் பரிசு முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது ஒன்பது பேரில் அவரும் ஒருவர். அந்தக் கட்டுரை கப்பலேறிப் போயிருந்தாலும் என்றாவது ஒரு நாள் மதிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் இன்னொருவர் அதே வழியில் நடந்திருக்கவும் கூடும். விஞ்ஞானத்தில் இரண்டாவதாக வந்தவனுக்குப் பெயர் கிடையாது.

ஒரு வாசல் என்றால் திருடனுக்கும் அது ஒரு வாசல்தானே? 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. மூன்று வாரம் கழித்து, ஜூன் மாத ஆரம்பத்தில், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் யந்திரங்களுக்குள் சிலர் புகுந்தார்கள். ஒற்றர்களா? இல்லை, பள்ளிக்கூடப் பையன்கள்! அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து என்று வெவ்வேறு தேசத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். சோதனையைக் கண்டிக்கிறோம் என்று எழுதிவைத்து, மையத்தின் முகப்புப் பக்கத்தில் காளான் புகைப் படத்தைப் போட்டு, விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களையும் வாரிக்கொண்டு போனார்கள். ரகசியம் எதுவும் போகவில்லை என்று மையத்தார் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நாலு பேர் கடிதத்தை அந்நியர் படித்தார்கள் என்றால், அதில் ரகசியம் இருந்ததா என்பதா முதல் கேள்வி?

கடிதம் யார் வீட்டில் இருக்கவேண்டும் என்ற கேள்வி பணக்கார ஸ்தாபனங்களையும் விடவில்லை. ஜெனீவாவில் செர்ன் என்கிற அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. நம் அரசு அனுப்பிய நடராஜர் சிலை 2004 ஜூன் முதல் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். தஞ்சைப் பக்கத்து ஆசாமிக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. செர்ன் கல்வி ஸ்தாபனம் அல்ல என்று மைக்ரோசாப்ட் கம்பெனி தீர்மானித்து, கல்விக்கான சலுகையை நிறுத்தியது. கட்டணம் பத்து மடங்குக்கு மேல் ஏறும் நிலை வந்தது என்று 2019-இல் செர்ன்காரர்களே எழுதினார்கள். பிறர் கையை நம்பாத வழி தேட அவர்கள் ஒரு திட்டம் வகுத்தபோது, முதலில் கைவைத்தது தபால் சேவையில்தான்.

இப்போது 2004-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகில் கடலடியில் பூமி பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 29 நிமிஷம். பதினைந்தே நிமிஷத்தில், ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. யாருக்கு? தன் பட்டியலில் இருந்த பசிபிக் நாடுகளுக்கு. உங்களுக்கு ஆபத்தில்லை என்று. பூகம்பத்தின் அளவையும் அப்போது குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாம் அறிக்கையில், நடுக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் சுனாமி எழக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம் கரைக்கு அனுப்புவதற்கு அவர்களிடம் விலாசம் இல்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. விஞ்ஞானிகள் இருந்தார்கள், யந்திரம் இருந்தது, கம்பியும் இருந்தது, பெயர்தான் இல்லை. டில்லியிலோ, நில நடுக்கத்தைப் பற்றி அமைச்சருக்குப் போகவேண்டிய பேக்ஸ் பதவியில் இல்லாத பழைய அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. விலாசப் பட்டியலை யாரும் மாற்றவில்லை.

காலை ஒன்பது மணி சுமாருக்குக் கடல் வந்தது. காரைக்கால் கரையில் சாவு விழாத மீனவர் ஊர் அரிது. கிளிஞ்சல்மேட்டிலும் விழுந்தது. டீக்கடைப் பையன் அப்போது நான்கு மாதக் குழந்தை. அவனைத் தாய் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாளாம். பாட்டியால் ஓட முடியவில்லை.

அதே காலை, வடக்கே புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் செய்தி நிலையங்கள் வைத்திருந்தது. வில்லியனூரில் நடு நிலையம். அங்கே கம்ப்யூட்டரில் எடுக்கிற செய்தியை மற்றக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். அமெரிக்கக் கடற்படை கணித்த அலை உயரத்தைக் கூட எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஓர் ஒலிபெருக்கி. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டதும் வீட்டுக்கு டெலிபோன் செய்தார். செய்தி நிலையத்தின் கதவைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் ஓடியது, மூவாயிரத்துச் சொச்சம் பேர் உயிர் தப்பினார்கள். அன்று வேலை செய்தது கம்ப்யூட்டர் அல்ல, டெலிபோனும் குழாயுந்தான் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழாயை அங்கே கட்டி வைத்தது எது?

2007 அக்டோபரில் ஹைதராபாதில் கடல் தகவல் சேவை மையத்தார் இந்திய சுனாமி எச்சரிக்கை நிலையத்தைத் திறந்தார்கள். கடலடி ஆடினால் சில நிமிஷங்களில் மெயில், பேக்ஸ், எஸ்.எம்.எஸ். என்று எல்லா வழியிலும் செய்தி புறப்படும். 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ரா பக்கம் மறுபடியும் பெரிய நடுக்கம் வந்தபோது புறப்பட்டது. கீழைக் கரையில் பல இடங்களில் ஜனங்கள் கடலை விட்டு உள்ளே ஓடினார்கள். பேரலை வரவில்லை. வீணாக ஓடவைத்தார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று. நிலநடுக்கம் எதுவும் இல்லாத சாதாரண நாட்களிலும் இந்து மகா சமுத்திர நாடுகள் ஒன்றுக்கொன்று பரீட்சைக் கடிதம் அனுப்பிப் பார்க்கின்றன. 'வந்து சேர்ந்ததா? எத்தனை மணிக்கு?' அவ்வளவுதான் விஷயம். பதில் வராத விலாசத்தைத் தேடிப்போய்த் திருத்துகிறார்கள்.

பையனுக்குப் போஸ்ட்மாஸ்டரிடமிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. நான் அன்றும் அங்கே இருந்தேன். மூன்றே வரி. அந்தப் பேராசிரியர் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார். துறையின் பக்கத்தில் அவருடைய பழைய விலாசம் இன்னும் நிற்கிறது, எடுக்கச் சொல்கிறோம். உங்கள் விண்ணப்பத்தை இப்போது அந்தப் பொறுப்பில் இருக்கும் அம்மாளுக்கு அனுப்பிவிட்டோம். அடியில் கையெழுத்தாக ஒரு பெண்ணின் பெயர்.

"மனுஷங்கதான் சார் எழுதியிருக்காங்க" என்றான் பையன். பிறகு, "பழைய விலாசத்தை ஏன் சார் ஒருத்தரும் எடுக்கலை?" என்று கேட்டான். நான் பேக்ஸ் கதையைச் சொன்னேன். அவன் அதை அதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அதற்குள் கரையில் அவன் அப்பாவின் பைபர் படகு வந்துவிட்டது. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலை இறக்கப் போனான்.